வாரம் 1,500 ரூபாய் ஏன் பத்தவில்லை? மதுரையில் ஒரு புதுத் தம்பதியின் சமையலறைக் கணக்கு

2025 மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. உட்கார்ந்ததும் சொன்னாள்: "மதினி, வாரம் 1,500 ரூபாய்க்குள்ள வீட்டுச் சாமான் செலவை முடிக்கணும்னு பேசி வச்சோம். எட்டு வாரம் ஆச்சு, ஒரு வாரம்கூட முடியலை. எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியலையோன்னு இருக்கு."

நோட்டைப் புரட்டினேன். எட்டு வாரமும் எழுதியிருந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் 'கூடுதல்' என்று ஒரு தொகை. அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை ஒழுங்காகக் கணக்கு எழுதத் தெரிந்த பெண், எட்டு வாரமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு தொகை எட்டுத் தடவையும் தவறினால், செலவு செய்தவரைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் என் வழக்கம். மறுநாளே தம்பியையும் கூப்பிட்டு மூன்று பேருமாக உட்கார்ந்தோம். அந்த எட்டு வாரத்திலும் அதற்கடுத்த பன்னிரண்டு வாரத்திலும் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தனிக்குடித்தனம் போகிற பலருக்கும் இந்தக் கணக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அவர்களைப் பற்றி. கல்யாணமாகி எட்டு மாதம். கே.புதூரில் வாடகை வீடு. தம்பி ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஒரு வாரம் காலை ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் மாலை ஷிப்ட். இரண்டு சம்பளமும் சேர்ந்து 58,000 ரூபாய். வாடகை, பைக் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 10,000 சேமிக்க ஆசைப்படுகிறார்கள். இருவரும் அசைவம் சாப்பிடுவார்கள். மதியத்துக்கு இருவருமே டப்பா கட்டிக்கொண்டு போகிறார்கள்.

1,500 என்ற எண் எங்கிருந்து வந்தது?

தம்பி அதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்விலிருந்து எடுத்திருந்தான். 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடந்த அந்த ஆய்வின்படி, தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவருக்கு ஆகும் சராசரி மாதச் செலவு 8,165 ரூபாய். இந்திய நகரங்களில் மொத்தச் செலவில் உணவின் பங்கு 39.68 சதவீதம். இரண்டு பேருக்கு 16,330, அதில் 39.68 சதவீதம் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 6,480; வாரத்துக்கு வகுத்தால் 1,495. அதை 1,500 ஆக்கியிருக்கிறான்.

பெருக்கல் வகுத்தலில் தப்பே இல்லை. ஆனால் அந்தச் சராசரி இவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இதை அவனுக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒன்று, அந்தச் சராசரி நான்கு பேர், ஐந்து பேர் இருக்கும் வீடுகளையும் குழந்தைகளையும் சேர்த்தது. நாலு வயதுப் பிள்ளையும் ஒரு தலை, தம்பியும் ஒரு தலை. பெரிய குடும்பத்தில் ஒரே தாளிப்பு ஐந்து பேருக்கு ஆகும், அரைக்கிற தேங்காய் மிஞ்சாது. இரண்டு பேர் வீட்டில் தேங்காயின் மறுபாதி ஃபிரிட்ஜில் கிடக்கும், கொத்தமல்லிக் கட்டில் பாதி வாடும். ஆளுக்கு ஆகும் செலவு சின்ன வீட்டில் எப்போதும் கூடுதல்தான்.

இரண்டாவதுதான் முக்கியம். 8,165 என்ற தொகையில், இலவசமாகக் கிடைக்கும் பொருட்களின் மதிப்பு சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்கு விலையே கிடையாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். இந்தச் சகாயத்தோடு வாழ்கிற லட்சக்கணக்கான வீடுகள் அந்தச் சராசரிக்குள் இருக்கின்றன. இவர்களுக்கோ ரேஷன் அட்டையே இல்லை. தம்பி பெயர் இன்னும் அப்பா அட்டையில். அவள் பெயர் விருதுநகரில் அவள் அப்பா அட்டையில். ரேஷன் வாங்குகிறவர்களின் செலவை, ரேஷன் வாங்காதவர்கள் இலக்காக வைத்துக்கொண்டு எட்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அவள் பக்கம் திரும்பி, "நான் உன்னைத் தேவையில்லாம கேட்டுட்டேன்" என்றான். அன்றைக்கு நடந்ததில் எனக்கு மனசு நிறைந்த இடம் அதுதான்.

எட்டு வாரச் செலவு

பிப்ரவரி 2 முதல் மார்ச் 29 வரை, வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவதாக வைத்துப் பார்த்தோம். நோட்டு, கடைச் சிட்டைகள், இருவர் போனிலும் இருந்த கூகுள் பே வரவு செலவு மூன்றையும் ஒப்பிட்டோம். வாரச் செலவு வரிசையாக: 3,240, 1,790, 1,680, 2,160, 3,310, 1,720, 1,940, 2,160. மொத்தம் 18,000, சராசரி 2,250.

முதல் வாரமும் ஐந்தாவது வாரமும் மட்டும் 3,000-ஐத் தாண்டுவதைப் பாருங்கள். சம்பளம் வந்து மாதப் பலசரக்கு வாங்கிய வாரங்கள் அவை. நம் ஊரில் சாமான் வாங்குவது ஒரே தாளத்தில் நடப்பதில்லை. பால் தினமும், காய் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, கறி ஞாயிற்றுக்கிழமை, பருப்பு புளி மிளகாய் மாதத்துக்கு ஒருமுறை, அரிசி மூட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இத்தனையையும் 'வாரம் இவ்வளவு' என்று ஒரே கயிற்றில் கட்டினால், மாத முதல் வாரம் கட்டாயம் தோற்கும். தோற்ற எரிச்சலில் இரண்டாவது வாரம் காய்கறியில் கை வைப்பார்கள். இவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள்.

வகைவகையாகப் பிரித்தபோது 18,000 இப்படி நின்றது. பலசரக்கு 5,560. பால், தயிர் 2,520. காய்கறி, பழம், தேங்காய் 3,040. கறி, மீன், முட்டை 3,080. பிஸ்கட், மிக்சர், குளிர்பானம், பாக்கெட் மாவு எல்லாம் சேர்ந்து 2,360. சோப்பு, சலவைத்தூள், பினாயில், பாத்திரம் தேய்க்கும் ஜெல் 1,440.

கடைசி இனம் சாப்பாடே இல்லை. அதை எடுத்துவிட்டால் வாரம் 2,070. இதற்கு மேல் ஹோட்டல், ஆர்டர் போட்ட சாப்பாடு என்று எட்டு வாரத்தில் 7,520, அதாவது வாரம் 940 ரூபாய் போயிருந்தது. அதை இருவருமே வீட்டுக் கணக்கில் எழுதவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் தம் போனிலிருந்து கட்டியதால், மொத்தம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

26 முறை வெளிச்சாப்பாடு. தேதிகளை அவளுடைய ஷிப்ட் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். 19 முறை மாலை ஷிப்ட் நாட்களில் விழுந்திருந்தது. இரவு 9 மணிக்கு மேல் பசியோடு வீடு வருகிறாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. இதில் சோம்பலும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. ஃபிரிட்ஜில் மாவு இல்லாத வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு யாராக இருந்தாலும் போனைத்தான் எடுப்பார்கள்.

இன்னொன்று, பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களில் எட்டு வாரத்தில் 31 ஆர்டர். தக்காளி அரைக் கிலோ தேவைப்படும். 199 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்று திரையில் வரும். தக்காளியோடு ஒரு சிப்ஸ், ஒரு சாக்லேட், ஒரு ஜூஸ் சேரும். நொறுக்குத்தீனிக் கணக்கில் பாதிக்கு மேல் இந்த வழியில் வந்ததுதான். கறிவேப்பிலை, கொத்தமல்லிக்குக்கூட விலை கொடுத்திருக்கிறார்கள். சந்தையில் அது கொசுறு.

காய்கறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செலவு வாரம் 380 ரூபாய், பார்வைக்குக் குறைவில்லை. ஆனால் சிட்டையில் இருந்த எடைகளைக் கூட்டினால் வாரத்துக்கு மூன்று கிலோ காய்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதிலும் கொஞ்சம் அழுகிக் குப்பைக்குப் போயிருக்கிறது. கூடுதல் விலை கொடுத்துக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் கிலோ, பிறகு ரூபாய்

நான் சொன்ன வழி இதுதான்: ரூபாயை மறந்துவிடுவோம். இரண்டு வயிற்றுக்கு ஒரு வாரத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று முதலில் எழுதுவோம். அதற்கு நம் பகுதியில் என்ன விலையோ அதைப் பக்கத்தில் எழுதுவோம். வருகிற கூட்டுத்தொகைதான் நியாயமான பட்ஜெட். அது கைக்கு மீறினால் அப்போது எதைக் குறைப்பது என்று பேசலாம்.

கிலோவுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தானியம் 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை அல்லது இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. இதை இரண்டு பேருக்கு, ஏழு நாளுக்குப் பெருக்கினோம். தானியம் 3.5 கிலோ, காய்கறி 5.6 கிலோ, பழம் 1.4 கிலோ, பருப்பும் முட்டையும் கறியும் சேர்ந்து 1.2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பால் 4.2 லிட்டர்.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். அரிசியும் பாலும் தேவைக்கு மேலே, காய்கறி பாதிதான். நம் வீடுகள் பலவற்றிலும் இதே கதைதான். பணம் இறுகும்போது முதலில் குறைவது காயும் பழமும்; சோறு அப்படியே இருக்கும்.

அடுத்து விலை. சொல்லும் விலையெல்லாம் அந்த நேரத்தில் எங்கள் பக்கம் நாங்கள் கொடுத்தது.

தானியம் மூன்றரைக் கிலோ: சாப்பாட்டு அரிசி இரண்டு கிலோ 120 ரூபாய், இட்லி அரிசி ஒரு கிலோ 45, கேழ்வரகு மாவோ கோதுமை மாவோ அரைக் கிலோ 30. ஆக 195.

அரிசியில் ஒரு தப்பு நடந்திருந்தது. மூட்டையாக வாங்கினால் மிச்சம் என்று 26 கிலோ மூட்டை எடுத்திருந்தார்கள். அது ஏன் 26 கிலோ என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. அதனால் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கினார்கள். பெரிய குடும்பத்துக்கு அது லாபம். வாரம் இரண்டு கிலோ பொங்குகிற வீட்டில் அந்த மூட்டை 13 வாரம் கிடக்கும், வண்டு வைத்துவிடும். இப்போது ஒரு மூட்டை வாங்கி, பாதியை நான் எடுத்துக்கொண்டு பாதிப் பணம் கொடுத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டோடு இப்படிப் பிரித்துக்கொள்வதில் கூச்சமே வேண்டியதில்லை.

பருப்பு வாரம் 900 கிராம்: துவரம்பருப்பு 400, உளுந்து 250, பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் சேர்ந்து 250. ஏறக்குறைய 130 ரூபாய். முட்டையும் கறியும் தனியாக வருவதால் வழிகாட்டி சொல்லும் அளவைத் தாண்டியே போகிறது. எண்ணெய் 400 மில்லி: முக்கால் பங்கு கடலை எண்ணெய், மீதி நல்லெண்ணெய், 95 ரூபாய். அவள் அப்பா விருதுநகரிலிருந்து வரும்போதெல்லாம் நல்லெண்ணெய் கொண்டு வருவார். "அதைக் கழிச்சுடலாமே மதினி" என்றாள். வேண்டாம் என்றேன். பெற்றவர்கள் பாசத்தில் தருவதைப் பட்ஜெட்டில் வரவாக எழுதினால், அவர்கள் வராத மாதம் மனசில் ஒரு குறை வரும். வந்தால் அந்தப் பணம் மிச்சம், அவ்வளவுதான்.

நிலக்கடலை கால் கிலோ 35. முந்திரி, பாதாம் பக்கம் போகவில்லை. வேகவைத்த கடலையும் எள்ளுருண்டையும் போதும் என்பது என் கருத்து. மிளகாய், மல்லி, புளி, உப்பு, கடுகு சீரகம், பெருங்காயம், சர்க்கரை, காபித்தூள் எல்லாம் வாரத்துக்கு 160. ஆகப் பலசரக்கு மொத்தம் 615.

பால், நீல நிற ஆவின் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். தினம் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, தயிரையும் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்குப் பத்துப் பாக்கெட், தயிர் வீட்டில் உறை ஊற்றுவது என்று முடிவானது. 200 ரூபாய்.

காய்கறியில் தோல், காம்பு கழிவதால் 5.6 கிலோவை 6 கிலோவாக வைத்தோம். கிலோ சராசரி 40 ரூபாய் என்று 240. பழம் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, வாழைப்பழமும் கொய்யாவும்தான் அதிகம், 98. தேங்காய் இரண்டு, 60. ஆக 398, அதை 400 ஆக்கினோம். முன்பு 380. செலவு 20 ரூபாய்தான் ஏறியது. வரும் காயோ இரண்டு மடங்கு. காரணம் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது எங்கள் மதுரை அண்ணாநகரில்தான். அன்றாட விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். விளைவித்தவர்களே நேரடியாக விற்பார்கள். கே.புதூரிலிருந்து பைக்கில் போகிற தூரம்தான். காலையில் சீக்கிரம் போக வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். காலை ஷிப்ட் வாரங்களில் தம்பி போவது, மாலை ஷிப்ட் வாரங்களில் அவள் போவது என்று பேசிக்கொண்டார்கள்.

காயைக் கிலோவில் எழுதியதில் இன்னொரு வசதி உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டிப் போனது நினைவிருக்கும். பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. மார்கழி வாக்கில் முருங்கைக்காயும் அப்படித்தான் ஏறும். பட்டியலில் 'தக்காளி 1 கிலோ' என்று இருந்தால் பட்ஜெட் உடையும். 'காய் 6 கிலோ' என்று இருந்தால் அந்த வாரம் புளி கூட்டி, பூசணியும் சுரைக்காயும் வாங்கிச் சமாளிக்கலாம்.

முட்டை பன்னிரண்டு, கோழி முக்கால் கிலோ, இல்லையென்றால் அந்த விலைக்கு மீன், மாதம் ஒருமுறை ஆட்டுக்கறி அரைக் கிலோ, அதன் விலையை நான்கு வாரத்துக்கும் பிரித்தது. வாரம் 350. நொறுக்குத்தீனிக்கு 150. இதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம் என்று தம்பி சொன்னான், நான் சம்மதிக்கவில்லை. வேலை முடிந்து வந்து காபியோடு நாலு முறுக்குக் கடிக்கக்கூட இடமில்லாத பட்ஜெட் ஒரு மாதம்கூடத் தாங்காது.

எல்லாம் கூட்டினால் 1,715. விலையேற்றம், திடீர் விருந்தாளி ஆகியவற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு, 170 சேர்த்தோம். 1,885. இதை 1,900 என்று வைத்துக்கொண்டோம். சோப்பு, சலவைத்தூளுக்கு வாரம் 180 தனிக் கணக்கு.

இரண்டு பேர், மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு, வாரம் ஒருமுறை அசைவம், ரேஷன் அட்டை இல்லை, ஊர் மதுரை. இந்த நிலைமைக்கு 1,900 நியாயம் என்பது என் முடிவு. முன்பு ஆன 2,070-க்கும் இதற்கும் 170 ரூபாய்தான் வித்தியாசம். அவள் ஒன்றும் வாரி இறைத்துவிடவில்லை. இலக்குதான் 400 ரூபாய் கீழே இருந்தது.

பணத்தை மூன்றாகப் பிரித்தது

வாரம் 1,900 என்று எழுதிவிட்டு அப்படியே விட்டால் மறுபடியும் மாத முதல் வாரம் இடிக்கும். அதனால் சம்பளம் வந்ததும் பலசரக்குக்கு 2,700 தனியாக எடுத்துவைப்பது என்றோம். அதைக் கொண்டு கீழமாசி வீதிக்கு ஒரே தடவை போய்வருவது. மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த தெரு. பருப்பும் வத்தலும் புளியும் தரம் பார்த்து வாங்கலாம். பாலுக்கு மாதம் 870, பால்காரருக்கு மாதக் கடைசியில். மீதி காய், கறி, தீனி, அவசரம் எல்லாம் வாரப் பணம்: 1,100. அதை ஞாயிறு காலையில் ரொக்கமாக எடுத்து அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போடுவது. சாமானுக்கு மட்டும் போனில் கட்டுவது இல்லை. டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று இருவர் கண்ணுக்கும் தெரிகிறபோது, யார் செலவழித்தார்கள் என்ற பேச்சே எழவில்லை.

மாவுக்கு வருவோம். சீராக வந்த டேபிள்டாப் கிரைண்டர் பரணில் அட்டைப்பெட்டியோடு இருந்தது. அதை இறக்கினோம். சனிக்கிழமை சாயங்காலம் தம்பி மாவாட்டுகிறான். ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து, 80 ரூபாய் சரக்கில் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத மாவு கிடைக்கிறது. பாக்கெட் மாவோடு ஒப்பிட்டால் மிச்சம் முப்பது நாற்பது ரூபாய்தான். ஆனால் இரவு 9 மணிக்கு அவள் வரும்போது தோசைக்கல் காய்கிறது. பக்கத்தில் தக்காளித் தொக்கோ பருப்புப்பொடியோ இருக்கிறது. 289 ரூபாய்க்குப் போன ஒரு ஆர்டர் அன்றைக்கு இல்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து

மார்ச் 30 முதல் ஜூன் 21 வரை பார்த்தோம். வாரப் பணம் 1,100-க்குள் ஒன்பது வாரம் அடங்கியது. அந்த ஒன்பது வாரச் சராசரி 965. மூன்று வாரம் தாண்டியது. சித்திரை முதல் நாள் வந்த வாரம் 1,310. மாம்பழம் மூன்று கிலோ வாங்கிய ஒரு வாரம் 1,240. இதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் சித்திரைத் திருவிழா. மே 12 அன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அவள் வீட்டார் ஐந்து பேர் விருதுநகரிலிருந்து வந்து மூன்று நாள் தங்கினார்கள். அந்த வாரம் 2,480.

அடங்கிய வாரங்களில் மிஞ்சியது 1,215; தாண்டிய மூன்று வாரத்தில் கூடியது 1,730. ஆக 515 ரூபாய் பற்றாக்குறை. பலசரக்கு ஏப்ரலில் 2,590, மே மாதம் 2,940, ஜூனில் 2,710. அதிலும் 140 கூடுதல்.

இதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன். அழகர் வருஷா வருஷம் ஆற்றில் இறங்குவார்; சொந்தக்காரர்களும் வருவார்கள். அதை எதிர்பாராத செலவு என்று சொல்ல முடியாது. என் பட்டியலில்தான் அதற்கு இடம் வைக்காமல் விட்டிருந்தேன். இப்போது வார டப்பாவில் மிஞ்சுவதை ஞாயிற்றுக்கிழமை ஒரு மண் உண்டியலில் போடுகிறார்கள். பொங்கல், சித்திரை, தீபாவளி விருந்தெல்லாம் அதிலிருந்து.

வெளிச்சாப்பாடு வாரம் 940-லிருந்து 520 ஆனது. இந்த ஆய்வில் உண்மையான மிச்சம் இங்கேதான் கிடைத்தது. வாரம் 420, மாதத்துக்கு 1,800-க்கு மேல். வீட்டுச் சாமானில் இறுக்கிப் பிடித்து மிச்சப்படுத்தப் பார்த்தபோது அந்தப் பணம் ஹோட்டல் வழியாக வெளியே போனது. வீட்டுச் சாமானுக்குத் தாராளமாக ஒதுக்கியதும் ஹோட்டல் செலவு தானாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை இரவு இருவரும் வெளியே போய்ச் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தவே இல்லை. நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

சரிப்படாததும் உண்டு. காய் ஆறு கிலோ என்று எழுதினோம். நடப்பில் ஐந்து கிலோதான் சமைக்க முடிகிறது. மாலை ஷிப்ட் வாரத்தில் கீரை ஆய நேரமில்லை. கீரை வாங்குவதைக் காலை ஷிப்ட் வாரத்துக்கு மாற்றியிருக்கிறாள். தேங்காய் விலை அந்த மாதங்களில் ஏறிக்கொண்டே போனதால் இரண்டை ஒன்றாக்கி, சட்னிக்கு நிலக்கடலையைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் மறுபடியும் உட்கார்ந்தோம். கிலோக்களைத் தொடவில்லை, விலையை மட்டும் புதிதாக எழுதினோம். 2,010 வந்தது. தம்பி அதை நோட்டில் எழுதிவிட்டு, "சரி, அடுத்து தை மாசம் பார்ப்போம்" என்றான். பேரம் பேசவில்லை.

பழைய அட்டைகளில் இருவர் பெயரையும் நீக்கி, புது ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். அது கையில் வந்ததும் ரேஷன் புழுங்கல் அரிசியை மாவுக்கு வைத்துக்கொள்ளலாம். பருப்பில் மட்டும் மாதம் 130 ரூபாய் இறங்கும். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று இப்போதே கேட்டாள். பழத்துக்குப் போடு என்று சொல்லியிருக்கிறேன்.